வான்சுழியும் வகுப்பறையும்

(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், மாத்தளை)

கல்லூரியின் விழா மலரிலே தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவானாயின், இலக்கியச் சுவையையோ சமயப் பெரியாரின் சீர்மையையோ எழுதுவான் என்று வாசகர் எதிர்பார்ப்பது இயல்பு. யான் இம்முறை எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. சுருள் வடிவான விண்மீன் மண்டலங்களிலே காந்தப்புலம் எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு வளர்கின்றது, காலப்போக்கில் எவ்வாறு உருமாறுகின்றது என்பதே அப்பொருள். “தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை?” என அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய பொருளைத் தமிழிலே சொல்ல இயலும். சொல்லுதல் எம் கடன். சொல்லாது விடுவதால் இழப்பு விஞ்ஞானத்துக்கன்று, மாத்தளை மாவட்டத்து எம் பிள்ளைகளுக்கே. இதுவே யான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

கருத்தைப் பின்னர் வாதிப்போம். முதலில் பொருளைச் சொல்லிப் பார்ப்போம். சொல்லிக் காட்டாமல் “சொல்ல முடியும்” என்று மேடையில் முழங்குவதனாற் பயனில்லை.

இரு வழி ஓரிடம்

1949ஆம் ஆண்டிலே ஹில்ற்னர், ஹோல் என்னும் அமெரிக்க வானியலறிஞர் இருவர் புதுமையொன்றைக் கண்டனர். தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளி எம்மை வந்தடையும்போது முனைவாக்கம் பெற்றிருந்தது. அதாவது, ஒளியலையின் அதிர்வு எல்லாத் திசையிலும் சமமாக அமையாது, ஒரு தளத்திற் சற்று மிகுந்திருந்தது. விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் நுண்தூசித் துணிக்கைகள் ஏதோவொரு விசையினால் ஒழுங்குபட நிற்பதாலேயே இது நிகழ்கின்றது என்பது விரைவிற் புலனாயிற்று. அவ்விசை காந்தவிசை. பால்வீதி முழுவதும் காந்தப்புலம் ஊடுருவி நிற்கின்றது என்பதற்குக் கண்கண்ட சான்று இவ்வாறு கிட்டியது.

அப்புலத்தின் வலிமை யாது? இவ்வினாவை 1953இல் எடுத்துக்கொண்டவர் இருவர். ஒருவர் இத்தாலி நாட்டிற் பிறந்த என்றிக்கோ பேர்மி. மற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்; 1910இல் லாகூரிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர். சுருட்கரங்களிலுள்ள காந்தப்புலங்கள் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை சிறியது, பயனோ பெரிது. ஒன்றையொன்று சாராத இரு வழிகளால் அவர்கள் அப்புலத்தை அளந்தனர்.

முதல் வழியை வீணை நரம்பைக் கொண்டு விளக்கலாம். தளர்ந்த நரம்பைத் தட்டினால் அது பெரிதும் வளையும். இறுகிய நரம்போ சிறிதளவே வளையும். விண்வெளி வாயு ஓயாது கொந்தளித்துக் காந்தக் கோடுகளை அசைக்கின்றது. புலம் வலியதாயின் கோடுகள் சற்றே அலையும். மெலியதாயின் தாறுமாறாகச் சிதறும். ஒளியின் முனைவாக்கத் தளங்கள் ஏறத்தாழ 10 பாகையளவே சிதறியிருந்தன. வாயுவின் அடர்த்தியையும் கொந்தளிப்பின் வேகத்தையும் கொண்டு கணித்தபோது, புலம் ஒரு கவுசின் பத்திலட்சத்தில் 7.2 பங்கு எனக் கிடைத்தது. இதனையொத்த முறையை டேவிஸ் என்பார் 1951இற் கையாண்டிருந்தமையால், இன்று மூவர் பெயரையும் இணைத்தே இம்முறையை வழங்குவர். இரண்டாம் வழி வேறு. சுருட்கரத்தைத் தன்னீர்ப்பு உள்நோக்கி நெருக்குகின்றது. வாயுவின் அமுக்கமும் காந்த அமுக்கமும் அதனை எதிர்த்துத் தாங்குகின்றன. இச்சமநிலையைக் கணித்தபோது பத்திலட்சத்தில் 6 பங்கு என்னும் விடை வந்தது. இரு வழியாற் சென்றவர் ஏறத்தாழ ஓரிடத்தையே அடைந்தனர்.

நாம் வாழும் புவியின் காந்தப்புலம் இலங்கையிலே ஏறத்தாழ 0.4 கவுசு. பால்வீதியின் புலம் அதன் அறுபதினாயிரத்தில் ஒரு பங்களவே. இத்துணை மெலிந்ததற்கு என்ன மதிப்பு என இகழ்ந்துவிடலாகாது. விண்வெளி வாயு மிக மிக அருகியது. ஆதலின் அங்கே இம்மெல்லிய புலத்தின் சக்தி, வாயுவின் கொந்தளிப்புச் சக்திக்கு நிகராக நிற்கின்றது. புதிய விண்மீன்கள் திரளும் வேகத்தைத் தணிப்பதும், அண்டக் கதிர்களை வழிநடத்துவதும் அதன் தொழில்களாம்.

உக்குவளையும் வானமும்

இனி, இப்புலம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேட எம் மாவட்டத்திலேயே ஓர் உவமை உண்டு. பொல்கொல்லையிலே மறிக்கப்பட்ட மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியாக மலையைக் கடந்து, உக்குவளை மின்னிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிச் சுதுகங்கையில் விழுகின்றது. 1976 முதல் அங்கே நடப்பது என்ன? நீரின் இயக்கசக்தி மின்சக்தியாகின்றது. காந்தப்புலத்தினுள்ளே கடத்தி அசையுமாயின் மின்னோட்டம் பிறக்கும் என்னும் பரடேயின் விதியே அதற்கு அடிப்படை.

ஆயின் அக்காந்தப்புலத்தை முதலில் அளிப்பது எது? 1866, 1867ஆம் ஆண்டுகளில் சீமென்ஸ் முதலியோர் அருமையான உண்மையொன்றைக் கண்டனர். பெரிய நிலைக்காந்தம் தேவையில்லை. இரும்பிலே எஞ்சிக் கிடக்கும் மிகச் சிறிய காந்தமே போதும். அது சிறு மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும். அவ்வோட்டம் காந்தத்தை வலுப்படுத்தும். வலுப்பட்ட காந்தம் மேலும் ஓட்டத்தைப் பெருக்கும். இதுவே தைனமோவின் தத்துவம். வித்து வேண்டும், இயக்கம் வேண்டும், விளைவு தன் காரணத்தையே வளர்க்கும் ஒழுங்கும் வேண்டும்.

விண்மீன் மண்டலத்திலே கம்பிச் சுருளும் இல்லை, இரும்பும் இல்லை. அயனாக்கம் பெற்ற வாயுவே அங்கு கடத்தி. வித்து எது? 1950இல் பியர்மன் காட்டிய வழி ஒன்றுண்டு. இலத்திரன் இலேசானது, அயன் கனத்தது. வாயுவின் அமுக்கம் இவ்விரண்டையும் ஒரே விதமாகத் தள்ளுவதில்லை. வெப்பநிலையும் அடர்த்தியும் வெவ்வேறு திசையிற் கூடிக்குறையும் இடங்களில், இவ்வேறுபாட்டினாற் சிறு மின்னோட்டம் எழும்; அதனுடன் காந்தமும் பிறக்கும். ஆயினும் அவ்வாறு பிறப்பது ஒன்றின்பின் இருபது சுழியங்களை இட்டு, அவ்வெண்ணால் ஒரு கவுசைப் பிரித்தாற் கிடைக்கும் அளவினதே. அது இன்றைய நிலையை அடைவதற்குப் பத்து மடங்காதல் என்னும் செயல் பதினான்கு முறை நிகழ்தல் வேண்டும்.

சுழற்சி மட்டும் போதாது

“மண்டலம் சுழல்கின்றதே; சுழற்சியாற் புலம் வளராதோ?” என்று கேட்கலாம். ஞாயிறு பால்வீதியின் மையத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டு செல்லும். உட்புறம் விரைந்து சுற்றி முடிக்கும், வெளிப்புறம் பின்தங்கும். இவ்வேறுபட்ட சுழற்சி காந்தக் கோடுகளை நூற்கண்டு போலச் சுற்றி நீட்டும். நீளும்போது புலமும் வலுக்கும். ஆனால் ஆயிரங்கோடி ஆண்டுகளில் நாற்பது தடவைக்கு மேற் சுற்றிய நூற்கண்டிலே எதிரெதிர்த் திசைக் கோடுகள் மிக நெருங்கிக் கிடக்கும். கொந்தளிப்பு அவற்றைக் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அன்றியும், அச்சுச் சமச்சீருடைய காந்தப்புலம் தன்னைத் தானே நிலைநிறுத்த இயலாது என 1934இலேயே கௌலிங் நிறுவினார். 1956இல் பாக்கசும் சந்திரசேகரும் அத்தேற்றத்தை மேலும் ஆராய்ந்து எழுதினர்.

அடைபட்ட வழியைத் திறந்தவர் யூஜின் பார்க்கர். 1955இல் அவர் சுட்டிய நுட்பம் முறுக்கு என்பதாகும். சூறாவளி எம்மவர்க்குத் தெரியாததன்று. 1978 நவெம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைப் பெரியோர் இன்றும் நினைவுகூர்வர். பூமியின் சுழற்சியே அக்காற்றை முறுக்கி விடுகின்றது; வட அரைக்கோளத்திலும் தென் அரைக்கோளத்திலும் முறுக்கு எதிரெதிரானது. அவ்வாறே, வெடித்துச் சிதறும் பெருவிண்மீன்கள் சூடான வாயுவை மண்டலத் தட்டிலிருந்து மேலெழுப்புகின்றன. எழும் வாயு விரியும்; மண்டலத்தின் சுழற்சியால் முறுகும்; தன்னுடன் காந்தக் கோடுகளையும் கண்ணியாக வளைத்துச் செல்லும். சுற்றுவட்டமாகக் கிடந்த புலத்திலிருந்து ஆரைவழிப் புலம் இவ்வாறு தோன்றும். ஆரைவழிப் புலத்தை வேறுபட்ட சுழற்சி மீண்டும் சுற்றுவட்டப் புலமாக நீட்டும். ஒன்று மற்றதை வளர்க்க, வட்டம் நிறைவுறுகின்றது. 1971இல் பார்க்கரும், தனித்து நின்று இரசியாவில் வைன்ஷ்டைன், ரூஸ்மைக்கின் என்போரும் இதனை விண்மீன் மண்டலங்களுக்குப் பொருத்திக் காட்டினர். இவ்வாறு பெரும்புலம் ஒரு படி வளரச் சில பத்துக்கோடி ஆண்டுகள் செல்லும். கொந்தளிப்பின் சிறு சுழிகளில் வளரும் ஒழுங்கற்ற புலமோ மிக விரைந்து பெருகும். அது பெரும்புலத்துக்கு நல்ல வித்தாக உதவும் என்பர்.

இங்கே இன்னொரு முடிச்சு உண்டு. கயிற்றை ஒருபுறமாக முறுக்கினால், அதனுள்ளே எதிர்முறுக்குச் சேர்ந்து, ஓரெல்லைக்கு மேற் கயிறு முறுக்கேற மறுத்துச் சுருண்டு மடியும். காந்தப்புலத்திலும் பெரிய அளவில் ஒரு முறுக்கு ஏற, சிறிய அளவில் எதிர்முறுக்குத் தேங்கி, தைனமோவின் தொழிலையே நிறுத்திவிடக்கூடும். பல்லாண்டு அறிஞரை வருத்திய இம்முடிச்சை அவிழ்ப்பதில் முன்னின்றவருள் ஒருவர், புனே நகரத்துப் பல்கலைக்கழகங்களிடை வானியல், வானியற்பௌதிக மையத்தைச் சேர்ந்த கந்தசாமி சுப்பிரமணியன். மண்டலத் தட்டிலிருந்து நீரூற்றுப் போல மேலெழும் வாயு, தேங்கிய எதிர்முறுக்கை வெளியே கொண்டுசெல்லுமாயின், தைனமோ தடையின்றித் தொழிற்படும் என 2006இல் சுக்குரொவ், சொக்கோலொவ், பிராண்டன்பர்க் ஆகியோருடன் சேர்ந்து அவர் காட்டினார்.

கண்டவை இக்கொள்கைக்குப் பெரிதும் துணை நிற்கின்றன. ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்திரோமீடா மண்டலத்தை வானொலித் தொலைகாட்டியால் நோக்கியபோது, அதன் வளையம் முழுவதும் புலம் ஒரே திசையிற் சுற்றிநிற்பது தெரிந்தது. தறிகெட்ட கொந்தளிப்பினால் மட்டும் இவ்வொழுங்கு வாராது. வேறு மண்டலங்களிற் புலம் சுருளாகவே அமைகின்றது. வெறுமனே சுற்றப்பட்ட புலமாயின் அது ஏறக்குறைய வட்டமாகவன்றோ இருத்தல் வேண்டும்? சிலவற்றில் ஒழுங்கான புலம் ஒளிமிக்க கரங்களிலன்றி அவற்றின் இடைவெளிகளிலேயே மிகுந்து காணப்படுகின்றது.

எல்லாம் தீர்ந்துவிட்டன என்பதற்கில்லை. ஒளி புறப்பட்டு 1100 கோடி ஆண்டுகளுக்கு மேலான ஒரு மண்டலத்திலே, 16,000 ஒளியாண்டு பரந்த ஒழுங்கான காந்தப்புலம் உள்ளதென 2023இற் சிலி நாட்டு அல்மா தொலைகாட்டியாற் கண்டறிந்தனர். அண்டம் இளமையாயிருந்த காலத்தில் இத்துணை விரைவாக அது எவ்வாறு வளர்ந்தது? தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் எழுந்துவரும் சதுரக் கிலோமீற்றர் அணி என்னும் வானொலித் தொலைகாட்டி இதற்கு விடை தேடும். அவ்விடையைத் தேடுவோரிடையே எம் மாத்தளைப் பிள்ளை ஒருத்தி இருத்தலாகாதோ?

மூன்று மறுப்புகள்

இனி வாதத்துக்கு வருவோம். இங்ஙனம் சொல்லும்போது மூன்று குரல்கள் எழுவதைக் கேட்டிருக்கின்றேன்.

முதற் குரல், “இவையெல்லாம் எம் முன்னோர் அறிந்தனவே” என்பது. மொழிப்பற்றினாற் கூறுவோரை யான் இகழேன். ஆயினும் இக்கூற்று முன்னோர்க்கும் பெருமை தாராது, பிள்ளைகளுக்கும் அறிவு தாராது. முன்னோர் விண்ணை உற்று நோக்கினர். கோள்களின் போக்கைக் கணித்தனர். காந்தக் கல்லையும் அறிந்திருந்தனர். அது உண்மை, அவ்வளவே உண்மை. ஒளியின் முனைவாக்கத்தை அளந்தவர் அவர் அல்லர். எல்லாம் முன்பே சொல்லப்பட்டதென்று நம்பும் மாணவன், இனித் தான் காண எதுவுமில்லை என்றே முடிவு கட்டுவான். ஆராய்ச்சிக்கு அதனினும் பெரிய தடை வேறில்லை.

இரண்டாங் குரல், “தோட்டத்துப் பிள்ளைக்கு வேலை வேண்டும், வான்சுழி எதற்கு?” என்பது. இதில் நியாயம் உண்டு. தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, வழியிற் பலரை மண்ணுக்கு ஈந்து, மாத்தளையை அடைந்தவரின் வழித்தோன்றல்கள் எம் மாணவருட் பலர். அவ்வழியையே 2023இல், இருநூறாவது ஆண்டு நினைவாக, எம்மக்கள் மீண்டும் நடந்து மாத்தளை வரை வந்தனர். அத்தகையோரிடம் வயிற்றுப்பாட்டை மறந்து வானைப் பார் என்று சொல்லுதல் கொடுமை. யான் சொல்வது அதுவன்று. காந்தமும் மின்னும் பாய்பொருளும் கற்றவனே மின்னிலையத்திலும் மருத்துவமனையிலும் தொழில் பெறுகின்றான். வான்சுழியின் பௌதிகமும் உக்குவளைச் சுழலியின் பௌதிகமும் ஒன்றே. தொழிலுக்கு வேண்டிய கல்வியையும் வியப்புக்கு வேண்டிய கல்வியையும் இரண்டாகப் பிரித்து, ஏழைக்கு முதலாவது போதும் என்று விதிப்பதே யான் எதிர்ப்பது. உயர்தரத்தில் பௌதிகவியலைத் தமிழிற் கற்பிக்கும் வகுப்பு அருகில் இல்லாமையால், கந்தேனுவரையிலும் எல்கடுவையிலும் இறத்தோட்டையிலும் உள்ள கூரிய மாணவர் விருப்பமின்றி வேறு பாடத்துக்குத் திரும்புவதை ஆசிரியர் பலர் அறிவர்.

மூன்றாங் குரல், “விஞ்ஞானத்துக்கு ஆங்கிலமே போதும்” என்பது. ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சந்திரசேகர் ஆங்கிலத்திலேயே எழுதினார். ஆயினும் அவர் அன்னையாரை நினைத்துப் பார்க்க வேண்டும். சீதாலட்சுமி அம்மையார், நோர்வே நாட்டு இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழிலே பெயர்த்தவர். தொலைநாட்டுச் சிந்தனையைத் தாய்மொழிக்குக் கொணரும் இல்லத்திலேதான் அம்மகன் வளர்ந்தான். தாய் இப்சனைத் தமிழுக்குத் தந்தாள். மகன் கண்டதைத் தமிழுக்குத் தருவார் யார்? எம் ஈழத்திலும் வழிகாட்டிகள் இருந்தனர். விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். அவரே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. தமிழும் விஞ்ஞானமும் ஓர் உள்ளத்திற் குடியிருக்கும் என்பதற்கு அவரினும் சான்று வேண்டா. இலத்திரன், முனைவாக்கம், தொலைகாட்டி என்று இன்று எம் பிள்ளைகள் தயக்கமின்றிச் சொல்வது, கலைச்சொல் ஆக்கிய ஒரு தலைமுறையின் உழைப்பு. அவ்வுழைப்பைப் பரீட்சை வினாத்தாளோடு நிறுத்திவிடலாகாது. சொற்கள் உள, அவற்றாற் பேசுவோரே வேண்டும்.

ஆசிரியர்க்கு ஒரு பாடம்

சந்திரசேகரிடத்து ஆசிரியராகிய நாம் கற்கவேண்டியது பிறிதொன்றும் உண்டு. அவர் 1952 முதல் 1971 வரை வானியற்பௌதிக ஆய்விதழின் ஆசிரியராயிருந்தார். ஞாயிற்றிலிருந்து காற்றுப் போலத் துணிக்கைகள் ஓயாது வீசுகின்றன என்று 1958இற் பார்க்கர் எழுதியனுப்பிய கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் தள்ளிவிடும்படி கூறினர். சந்திரசேகருக்கும் அக்கருத்திற் பற்றில்லை. ஆயினும் கணிதத்திற் பிழை ஒன்றும் காட்டப்படாமையால் அவர் அதனை வெளியிட்டார். பார்க்கர் கூறியது மெய்யென விண்கலங்கள் பின்னர்க் காட்டின. தன் கருத்துக்கு மாறானதையும் காரணம் உளதாயின் இடங்கொடுத்துக் கேட்கும் இப்பண்பு, எம் வகுப்பறைகளில் எத்துணை உண்டு? “ஏன் ஐயா?” என்னும் மாணவனை அடக்கிவிட்டு, விஞ்ஞான கூடத்துக்கு மட்டும் பூட்டும் சாவியும் வாங்கி வைத்தலால் விஞ்ஞானம் வளராது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

விழாக்காலத்திற் பொருள் சேரும். சேர்ந்த பொருளைக் கொண்டு வாயில் வளைவும் கல்வெட்டும் அமைத்தல் எங்கும் காணும் வழக்கம். அவை கண்ணுக்கு அழகு. ஆயின் சிறிய புலம் ஒன்று பெரிதாக வளர்வதற்கு மூன்று வேண்டும் என்று கண்டோம்: வித்து, ஓயாத இயக்கம், தேங்கியதை வெளியேற்றும் வழி. ஒரு கல்லூரிக்கும் இவை பொருந்தும்.

ஆதலின் சங்கத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. ஒருமுறை கொடுத்துப் படம் பிடித்து ஓய்வதன்று. இரண்டாவது, நூலகத்திலே தமிழ் விஞ்ஞான நூல்களுக்கெனத் தனியிடம். தமிழகத்து நூல்களும் எம் நாட்டு நூல்களும் அருகருகே இருக்க, கலைச்சொல் வேறுபாட்டைக் காட்டும் பட்டியலும் சுவரிற் தொங்க வேண்டும். மூன்றாவது, பொறியியலாளராகவும் மருத்துவராகவும் உலகெங்கும் பரந்துள்ள பழைய மாணவர் மாதம் ஒருவராகத் தம் துறையைத் தமிழிலே எடுத்துரைத்தல்; கடல்கடந்தோர் இணையவழியிற் பேசலாம். நான்காவது, தோட்டப் பாடசாலைகளிலிருந்து உயர்தர விஞ்ஞானம் கற்க வரும் பிள்ளைகளின் பேருந்துச் செலவு. இந்நான்கிலும் சிறியதாகத் தோன்றும் கடைசியே, என் எண்ணத்திற் தலையாயது. வித்து வகுப்பறைக்கு வந்து சேராவிடின் மற்றவற்றாற் பயன் என்ன?

நக்கிள்ஸ் மலைச்சாரலின் மேலே மழை நீங்கிய இரவுகளில் பால்வீதி தெளிவாகத் தோன்றும். அதனைக் காணும் தோட்டத்துச் சிறுமி, அதனுள்ளே காந்தம் ஒன்று பிறந்து வளர்ந்த கதையைத் தன் தாய்மொழியிற் கேட்கும் உரிமை உடையவள். அவ்வுரிமையை அளிக்கும் ஆற்றல் எமக்கு உண்டு. மனம் ஒன்றே வேண்டும். கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க; அவள் பிள்ளைகள் வானளாவ வளர்க.